இரண்டு பௌர்ணமிக்கு நடுவே ஓர் ஆட்டம்

நான் என் ஆயுசில் ஒரே ஒரு சாயங்காலம் ஆடியிருக்கிறேன். கவுன் மாட்டிக்கொண்டு, ஆணோடு ஜோடி சேர்ந்து, பிடில் சத்தத்துக்குக் கால் வைக்கிற உலாந்தாக்காரர் ஆட்டம், டச்சுக்காரர் ஆட்டம். அந்தப் பேச்சை எடுத்தால் இந்தத் தெருவில் சில பெண்கள் இன்றைக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பொத்திக்கொள்ளட்டும், எனக்கென்ன! ஆடியதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை. வெட்கப்பட வேண்டிய சங்கதி வேறு. அது இங்கே ஒருவருக்கும் தெரியாது. இந்த வயசில் அதை மூடி வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

என் நைனா பழவேற்காட்டு மாதா கோயிலில் உபதேசியார். பிறந்தது மீன்பிடிக்கிற வீட்டில்தான். பதினைந்து வயசில் படகைக் கரையேற்றும்போது கால் அடியில் சிக்கி நசுங்கிவிட்டது. வலைக்குப் போக முடியாத ஆண்பிள்ளைக்கு எங்கள் கரையில் என்ன மரியாதை? நாய்க்குச் சோறு வைத்தபின் அவருக்கு வைப்பார்களாம், அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு யாரோ ஒரு பாதிரிச் சாமியார் அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, செபம் சொல்லிக்கொடுத்து, கோயிலில் உட்காரவைத்தார். மயிலாப்பூரிலிருந்து சாமியார் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நைனாதான் கோயில். சாகக்கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவர், செத்தவனைப் புதைப்பது அவர், சண்டை தீர்ப்பது அவர். முன்பு நொண்டி என்று கூப்பிட்டவர்கள் அவரைக் கண்டால் தோள்துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டினார்கள். அந்த மரியாதைதான் அவருக்கு உயிர். அது போனால் அவர் இல்லை என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

அம்மா சட்டைக்கார வீட்டுப் பெண். அவளுடைய பாட்டனார் சிப்பாயாக வந்து இங்கேயே தங்கிவிட்ட போர்த்துக்கீசுப் பறங்கி. ஞாயிற்றுக்கிழமை அம்மா கவுன் போட்டுத்தான் கோயிலுக்கு வருவாள், மற்ற நாளில் சேலை. எனக்கும் அப்படித்தான், பாதி கவுன், பாதி சேலை. அவள் வீட்டுக் கல்யாணங்களில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று ஆடுவார்கள். நைனாவின் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுக் காறித் துப்புவார்கள். கோயில் தாசிதான் ஆடுவாள், குடும்பப் பெண் ஆடுவாளா என்பது அவர்கள் கணக்கு. நடுவில் மாட்டிக்கொண்டவர் நைனா. ஒரு வருஷம் சாமியாரிடமே கேட்டுவிட்டார். அந்தப் பதிலை அவர் வார்த்தை பிசகாமல் எங்களுக்குச் சொல்லிக்காட்டுவார்.

"தாய் தகப்பன் கண் எதிரே, விரல் நுனி மட்டும் தொட்டு, விலக்கின காலமாய் இல்லாதபோது ஆடினால் பாவம் என்று சொல்லமாட்டேன். நல்லது என்றும் சொல்லமாட்டேன். இடுப்பைப் பிடித்துச் சுழல்கிற ஆட்டம் வேறு. அதற்குப் போகிறவள் பாவத்தின் வாசற்படியில் நிற்கிறவள். உள்ளே போனாளா இல்லையா என்பது அப்புறம். படியில் போய் நின்றதே குற்றம்."

விலக்கின காலம் என்றால் முக்கியமாகத் தபசு காலம். விபூதிப் புதனில் தொடங்கி, இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் கல்யாணம் கிடையாது, கறி கிடையாது, கொட்டு முழக்கு கிடையாது. பெரியவர்கள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார்கள். பாஸ்கு வருஷத்துக்கு வருஷம் தள்ளிப் போகும், முன்னே வரும். ஆகவே பொங்கலுக்கு முன்னால் மயிலாப்பூரிலிருந்து நாள் எழுதின சீட்டு ஒன்று படகில் வரும். நைனா ஒரு பழைய படகுப் பலகையில் வரிசை வரிசையாகத் துளை போட்டு வைத்திருந்தார். சீட்டைப் பார்த்து, நாளுக்கு ஒரு துளை என்று ஒரு குச்சியை நகர்த்திக்கொண்டே வருவார். எழுத்துத் தெரியாதவர்கள்கூடப் பலகையைப் பார்த்து, பாஸ்குக்கு இன்னும் இத்தனை நாள் என்று தெரிந்துகொள்வார்கள். ஏரிக்கு நடுவில் இருக்கிற பசியாவரத்திலிருந்து படகு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் சீட்டு வரவில்லை. பொங்கல் ஆயிற்று, வரவில்லை. கொண்டுவந்த ஆள் வாந்திபேதி கண்டு எண்ணூரிலேயே செத்துப்போனான் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஆள் அனுப்பி விசாரியுங்கள் என்று அம்மா சொன்னாள். நைனா கேட்கவில்லை. இருபது வருஷமாகச் சீட்டைப் பார்த்துப் பார்த்து அவராகவே ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பங்குனிப் பௌர்ணமிக்குத் திருப்பாலைவனம் சிவன் கோயிலில் கொட்டு கேட்கும். கொட்டு கேட்டால் அடுத்து வரும் ஞாயிறு நமக்குப் பாஸ்கு. பல வருஷம் அது சரியாகவே வந்தது. வராத வருஷமும் உண்டு. ஆனால் ஒத்துப்போனவைதான் அவர் நினைவில் தங்கின. மனுஷப் புத்தி அப்படித்தானே!

திருப்பாலைவனத்துப் பஞ்சாங்கக்காரரிடம் போய்ப் பௌர்ணமியைக் கேட்டுக்கொண்டு வந்தார். பங்குனி பிறந்த நாலாம் நாளே பௌர்ணமி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குச்சியைக் குத்தினார்.

"இன்னா இது, தை கூட முடியலை, அதுக்குள்ள விபூதிப் புதனா?" என்றாள் அம்மா.

"நெலா சொல்லுது. நானா சொல்றேன்?"

"சீட்டு வரலைனு ஜனங்க கிட்ட சொல்லிட்டாவது செய்யுங்க."

"சீட்டு வரலைனா உபதேசியாருக்கு ஒன்னும் தெரியாதுனு அர்த்தமா? இன்னாமே பேசுற!"

சொல்லவில்லை. அங்கேதான் முதல் முடிச்சு விழுந்தது. போன வருஷத்துக் குருத்தோலையைச் சுட்டுச் சாம்பலாக்கி அவரே எல்லார் நெற்றியிலும் வைத்தார். ஊரே ஒருசந்தி இருந்தது.

அந்த வருஷம் எதுவும் நேராக இல்லை. ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் மண் மேடிட்டு அடைத்துக்கொண்டது. தண்ணீர் நின்று போய்ப் பச்சையாகி நாறியது. மடவை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் மிதந்தது. பாஸ்குக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிடுகிற சாமியார் வரவில்லை. பெரிய வெள்ளி வந்தது, சாமியார் இல்லை. பாஸ்கு ஞாயிறு வந்தது, பூசை இல்லை. நைனா மெழுகுவத்தி ஏற்றி, செபம் வாசித்து, பாஸ்கு ஆயிற்று, போய்க் கறி ஆக்கிச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வலைக்குத் தீர்த்தம் தெளிக்காத பாஸ்கு என்ன பாஸ்கு என்று பசியாவரத்துக் கிழவர் ஒருவர் வாசலில் நின்று முணுமுணுத்தார். வீட்டுக்கு வந்த நைனா கறியைத் தொடவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. இடிந்து கிடந்த கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த உலாந்தாத் துரை வீட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். துரைசாணிக்கு எங்கள் அம்மா வீட்டுப் பறங்கிப் பேச்சு வரும், ஆகவே நாங்கள் இருவரும் தாராளமாகப் பேசிக்கொள்வோம். ஊரை இங்கிலீஷ்காரனுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு பெரிய ஆட்டம் வைத்துவிட வேண்டும் என்று துரைசாணிக்குப் பைத்தியம் பிடித்தது. எட்டு ஜோடி வேண்டும். வெள்ளைக்காரப் பெண்கள் மூன்றே பேர். மீதி ஐந்துக்குச் சட்டைக்கார வீடுகளில் பெண் கேட்டு, பாஸ்கு முடிந்த மறுநாளே பகலில் கூடத்தில் பழக்கத் தொடங்கினாள்.

அந்தக் கூத்தைப் பார்க்க வேண்டுமே! எந்தக் கால் எங்கே என்று தெரிவதற்காகத் துரைசாணி சுண்ணக்கட்டியால் தரையில் பாதம் பாதமாக வரைந்திருந்தாள். நம் பெண்கள் ஒருத்தியாவது அதன்மேல் கால் வைக்கவேண்டுமே? பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஒதுங்கிப் போகிறார்கள். துரைசாணி கத்துகிறாள், இவர்கள் இன்னும் ஒதுங்குகிறார்கள். "கோலத்தை யாருனா மிதிப்பாங்களா?" என்று ஒருத்தி என்னிடம் கிசுகிசுத்தாள். மூலையில் துணி தைத்துக்கொண்டிருந்த நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். சிரித்தேனே தவிர, என் கண் அந்தப் பாதங்களை விட்டு நகரவில்லை. அவர்கள் போனபின் கூடத்தைப் பெருக்கவருகிற சாக்கில் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று உடம்பு தானாகத் திரும்பியது.

ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பெண் காய்ச்சலில் விழுந்தாள். துரைசாணி என்னைக் கூப்பிட்டு, "உனக்குக் கால் தெரியும், நான் பார்த்தேன்" என்றாள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடினேன்.

வீட்டில் ரகளை. அம்மா என் பக்கம். நைனா சாமியார் சொன்ன பதிலை மறுபடி ஒரு தடவை ஒப்பித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாஸ்கு முடிஞ்சிடுச்சி. வெலக்கின காலம் இல்ல. நான் வந்து எதிர்ல நிப்பேன். வெரல் நுனிதான், தெரிஞ்சிதா? இடுப்புல கை பட்டா அந்த நிமிஷமே வூட்டுக்கு வந்துடணும்."

"வந்துடுறேன் நைனா, சத்தியமா."

மறுநாள் காலை. துரைசாணி காய்ச்சல்காரப் பெண்ணுடைய கவுனை எனக்கு அளவு பார்க்க எடுத்தாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தவள் திடீரென்று அவற்றை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு இது நோன்புக் காலம் அல்லவா? உன் தகப்பனார் எப்படிச் சம்மதித்தார்?"

"எங்களுக்குப் பாஸ்கு முடிந்துவிட்டது அம்மா."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். மேசையிலிருந்து அச்சடித்த சிறு புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "இதோ பார். பாஸ்குக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாள்தான், பெண்ணே."

நைனாவின் பலகை கண் முன்னால் வந்தது. பொய்க் கணக்கு! ஊர் முழுக்கத் தபசு காலத்தில் கறி தின்றுகொண்டிருக்கிறது. சாமியார் வராமல் போய்விடவில்லை, இனிமேல்தான் வரப்போகிறார். நான் ஓடிப் போய்ச் சொன்னால் நைனா குச்சியை மாற்றிக் குத்தி, ஊரைக் கூப்பிட்டு, தப்பு நடந்துவிட்டது என்று சொல்லி, மறுபடி ஒருசந்தி தொடங்கிவிடுவார். கொஞ்சம் தலைகுனிவு, அவ்வளவுதான். சாமியார் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். எல்லாம் அந்த நிமிஷத்திலேயே எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் ஆட்டம் போய்விடும்.

துரைசாணி புத்தகத்தை மூடினாள். அவளுக்கும் எட்டாவது ஜோடி வேண்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்து, அதற்கிடையே கேட்டாள். "அளவு எடுக்கட்டுமா, வேண்டாமா?"

நான் இரண்டு கையையும் தூக்கிக் கொடுத்தேன்.

ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். தபசு காலத்து வெள்ளிக்கிழமை! கூடத்தில் கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். நைனா சொன்ன சொல் தவறாமல் வெளித் தாழ்வாரத்தில், துவைத்துக் கட்டின வேட்டியோடு தடியை ஊன்றி நின்றார். முதலில் வரிசை ஆட்டம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. நடந்து வந்து, விரல் நுனி தொட்டு, குனிந்து, விலகிப் போகவேண்டும். நைனா என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்ததென்று நினைக்கிறேன்.

சாயங்கால மணி அடிக்க வேண்டிய நேரம் வந்தது. கோயில் மணியை அவர்தான் அடிக்கவேண்டும். எனக்குத் தலையை ஆட்டிச் சைகை காட்டிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போனார். மணி அடித்து ஓய்ந்ததும் பிடில்காரன் வேறு மெட்டுக்கு மாறினான். எனக்கு ஜோடியாக வந்தவன் பண்டகசாலை எழுத்துக்காரன். அவனுக்குப் பூனை மீசை, உள்ளங்கை முழுக்க வேர்வை. அவன் மூஞ்சி எனக்கு இன்றைக்குச் சரியாக நினைவில்லை, நினைவு வைத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. அவன் கை என் இடுப்புக்கு வந்தது. வீட்டுக்குப் போ என்று மனசு சொன்னது. கால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னது.

என்ன சொல்ல! சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சுவரும் விளக்கும் ஆட்களும் சேர்ந்து கலங்கிச் சுற்ற, நான் நடுவில் நிலையாக நின்றதுபோல் இருந்தது. பொய்க் கணக்கும் நாறுகிற ஏரியும் அப்போது எனக்கு நினைவில் இல்லை. மூன்று சுற்று ஆடினேன். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. அமாவாசை முடிந்து பிறை தெரிந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. அந்தப் பௌர்ணமிதான் நிஜப் பாஸ்குப் பௌர்ணமி என்று ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லலாம் என்று நினைப்பேன். காலையில் நைனா தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து உபதேசம் சொல்லிக்கொண்டிருப்பார். "பாவசங்கீர்த்தனத்துல பத்துப் பாவம் சொல்லி ஒன்னை மறைச்சா, சொன்ன பத்தும் செல்லாது. மறைச்சது பதினோராவது பாவம்." பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். நான் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். சொன்னால், உனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாரே!

மறுவாரம் வியாழக்கிழமை உச்சி வேளையில் சாமியாரின் படகு தெரிந்தது. கறுப்புக் குடையைக் கண்டதும் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடினார்கள். நைனா அவசர அவசரமாக அங்கியை மாட்டிக்கொண்டு, சிலுவையைத் தூக்கிக்கொண்டு, கொட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். படகில் சாமியாருக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாகக் குருத்தோலை இருந்தது, பாஸ்குக்கு முந்தின ஞாயிறு கையில் பிடிக்கிற ஓலை. நைனாவும் அதைப் பார்த்தார். பார்த்த பிறகும் அவர் வாய் தயார் செய்து வைத்திருந்ததையே சொல்லிற்று.

"பாஸ்கு முடிஞ்சி மூனு வாரம் ஆவப்போவுது, சாமி. நீங்க வரலையேனு ஜனங்க எல்லாம்..."

சாமியார் மெலிந்த மனுஷர், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். கொட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து பன்றிக்கறி வேகும் வாசனை வந்தது.

"வருகிற ஞாயிறுதான் குருத்து ஞாயிறு" என்றார் சாமியார். "நீர் யாரைக் கேட்டுப் பாஸ்கு வைத்தீர்?"

நைனா பலகையை எடுத்து வரச் சொன்னார். சூத்திரத்தைச் சொன்னார், திருப்பாலைவனத்துக் கொட்டைச் சொன்னார். பகலும் இரவும் சமமாகிற நாளுக்கு அப்புறம் வருகிற பௌர்ணமிதான் கணக்கு, நீர் பார்த்தது அதற்கு முந்தினது என்றார் சாமியார். நைனாவின் தடி மணலில் ஆழமாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கூட்டத்தில் ஒரு குரல், உபதேசியார் மகள் துரை வீட்டில் ஆடினாள், அதுவும் வெள்ளிக்கிழமை என்று எடுத்துக் கொடுத்தது. நம் ஜனங்களுக்கு அதற்கு ஆள் வேண்டுமா?

அன்றைக்கே சாமியார் கோயிலில் எல்லாரையும் கூட்டித் தீர்ப்புச் சொன்னார். அவர் கத்தவில்லை. களைத்த குரலில் பேசினார். "தெரியாமல் செய்த ஜனங்கள்மேல் பாவமில்லை. ஆடின பெண்கள்மேலும் காலத்தை மீறின குற்றமில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொன்ன ஒருவர்மேல்தான் இது எல்லாம் விழும்." நைனாவுக்கு உபதேசியார் வேலை இல்லை. குருத்து ஞாயிறு அன்று கோயில் வாசலில் முள்முடி வைத்துக்கொண்டு, கையில் பலகையைப் பிடித்து, பூசை முடிகிற வரைக்கும் முழங்காலில் நிற்க வேண்டும். அது முடிந்ததும் தொடங்கி, தனியாக நாற்பது நாள் ஒருசந்தி. ஜனங்கள் கலைந்தார்கள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பொறுத்தல் வாங்குகிற நாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போனேன், கடவுள் சாட்சி. மண்டியிட்டு, ஆடினேன் சாமி என்று தொடங்கினேன். அவர் கேட்க ஆரம்பித்தார். விரலா, இடுப்பா? எத்தனை சுற்று? அவன் பெயர் என்ன? இடையில் எத்தனை விரற்கடை தூரம் இருந்தது? மூச்சு முகத்தில் பட்டதா? சந்தோஷப்பட்டாயா? ஒவ்வொன்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னேன். சந்தோஷப்பட்டேன் என்றும் சொன்னேன். அதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா என்றார். எனக்கு அழுகை வந்தது, அதை அவர் மனஸ்தாபம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு அவராகவே சொன்னார். "தபசு காலம் என்று உனக்குத் தெரியாது. அதனால் அது உன் கணக்கில் இல்லை."

கேட்கவில்லை, சொன்னார். தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் தலை குனிந்து இருந்தேன். அவர் கையைத் தூக்கிப் பாவப் பொறுத்தல் கொடுத்துவிட்டார்.

முள்முடியைத் தண்டனைக்காரன் வீட்டாரே கட்டிக் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். தையல் கை என் கைதானே? இலந்தை முள்ளை வெட்டி வந்து, முள் நுனியெல்லாம் வெளிப்பக்கம் நிற்கும்படி வளைத்து வளைத்துக் கட்டினேன். ஞாயிறு காலையில் நைனா அதை வாங்கி உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். கட்டை அவிழ்த்து, முள் உள்ளே வரும்படி திருப்பி, தானே கட்டிக்கொண்டார்.

முழங்காலில் நிற்க அந்த நசுங்கின கால் மடங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். ஜனங்கள் குருத்தோலையோடு அவரைக் கடந்து உள்ளே போனார்கள். இடுப்பில் துண்டு கட்டினவர்கள் துண்டைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டே போனார்கள். நான் உள்ளே பெண்கள் பக்கம் நின்று, வாயைத் திறந்து நன்மை அப்பம் வாங்கினேன்.

நாற்பது நாளும் அவர் ஒரு வேளைதான் சாப்பிட்டார். கத்திரி வெயில். நாற்பது முடிந்தும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புது உபதேசியார் வந்துவிட்டார். நைனா கோயில் பக்கம் போனால் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் நொண்டி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அதையும் விட்டுவிட்டார். ஆடி மாசம் படுக்கையாகிவிட்டார். மயிலாப்பூருக்கு ஆள் அனுப்பினோம், சாமியார் வர வழியில்லை.

கடைசிக்கு முந்தின நாள், மத்தியானம். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். நைனா என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். தொரசானி வூட்ல நாள் பாக்குற அச்சுப் பொஸ்தகம் கீதாமே. சாமியாரு சொன்னாரு." மூச்சு வாங்கினார். "ஆட்டத்துக்கு முன்ன தொரசானி உங்கிட்ட ஒன்னும் சொல்லலியாம்மா?"

அவர் கண் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது கேள்வி வந்துவிட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேனே, அந்தக் கேள்வி!

"இல்ல நைனா."

"செரி" என்றார். "அப்போ என் தப்பு மட்டுந்தான்." கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

அதன்பின் ஊர் கைமாறியது, துரைசாணி கப்பல் ஏறிப் போனாள். மயிலாப்பூரிலிருந்து வேறு வேறு சாமியார்கள் வந்தார்கள். நான் வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். ஒவ்வொரு புது சாமியாரிடமும் அந்த ஆட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லத் தொடங்கினால் மற்றதும் கூடவே வெளியே வந்துவிடும் என்று. நாலு பேரிடம் சொல்லியாயிற்று. நாலு பேரும் விரலா, இடுப்பா என்றுதான் கேட்டார்கள். இடுப்பு என்றேன். பொறுத்தல் கொடுத்து அனுப்பினார்கள்.